தைலம் என்ற ஒரு சொல்

நான் ஓவியம் படிக்கப் போனதாக யாராவது சொன்னால் அது சரியில்லை. என் மகள் பாதியில் விட்டுப் போன படத்தை வாங்கி வரத்தான் போனேன். சுற்றிக் கட்டி எடுத்து வர ஒரு பழைய போர்வையும் சணல் கயிறும் கையில் இருந்தன.

மகள் ஜனவரியில் இறந்தாள். புல்லெல்லாம் வெள்ளையாக உறைபனி விழுந்திருந்த ஒரு காலையில், ஆபீசுக்குக் கிளம்பும்போது குளியலறையில் விழுந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். மூன்றாம் நாள் முடிந்தது. நாற்பத்தொரு வயது. குன்னூரை அடுத்த வெலிங்டனில் ராணுவ ஆபீஸ் ஒன்றில் கிளார்க்காக இருந்தாள். குழந்தை இல்லை. அவளும் மாப்பிள்ளையும் அங்கேயே குவார்ட்டர்ஸில் இருந்தார்கள். நான் குன்னூருக்குக் கீழே, முன்பு வேலை செய்த எஸ்டேட்டை ஒட்டி, இரண்டு அறை வீட்டில் தனியாக இருக்கிறேன்.

அடக்கத்தன்று நான் அழவில்லை. அதற்குப் பிறகும் அழவில்லை. பக்கத்து வீட்டுக்காரிக்கு அது பெரிய கவலையாகப் போய்விட்டது.

"ஏனுங்க்கா, ஒருவாட்டி அழுதுருங்க. உள்ளயே வெச்சிருந்தா ஒடம்புக்கு ஆகாதுங்க."

"வந்தா அழமாட்டனா?"

"வரலீங்களா?"

"வரல."

கேஸ் சிலிண்டர் வரவில்லை என்று சொன்னதைப் போல அவள் தலையை ஆட்டிக்கொண்டு போனாள். மறுநாளும் வந்து கேட்டாள்.

அதற்கு முன்பே எனக்கு ஒன்று போயிருந்தது. கொரோனா காய்ச்சல் வந்து போனதிலிருந்து மூக்கு வேலை செய்வதில்லை. முப்பது வருஷம் டீ பேக்டரியில் இருந்தவள் நான். அரைத்த இலை பதத்துக்கு வந்துவிட்டதா என்று தூரத்தில் நின்றே வாசனையில் சொல்வேன். இப்போது டீ எனக்கு வெறும் சுடுதண்ணீர். சூடு தெரியும், அவ்வளவுதான். டாக்டர் ஆறு மாதத்தில் வந்துவிடும் என்றார். வரவில்லை. பழகிவிட்டது.

மார்ச் மாதம் ஒரு போன் வந்தது. ஒரு பெண் குரல்.

"அம்மா, நான் பெயின்டிங் டீச்சர் பேசறேன். உங்க பொண்ணு சனிக்கிழமை சனிக்கிழமை எங்கிட்ட படிச்சாங்க. அவங்க படம் இங்கேயே இருக்கு. என்ன செய்யட்டும்னு தெரியலை."

மகள் சனிக்கிழமைகளில் 'கிளாஸ்' போகிறேன் என்பாள். கம்ப்யூட்டர் கிளாஸ் என்று நினைத்திருந்தேன். நானாக ஒரு நாளும் கேட்டதில்லை.

வகுப்பு எங்கள் மாதா கோவிலுக்குப் பின்னால் இருக்கும் ஹாலில் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எத்தனையோ முறை அந்த ஹாலைக் கடந்து போயிருக்கிறேன். டீச்சருக்கு என் மகள் வயதுதான் இருக்கும். கணவர் ராணுவத்தில் இருக்கிறார், சமவெளிப் பக்கத்துக்காரர்கள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். நான் வாசலிலேயே நின்றேன். உள்ளே நாலைந்து பேர் படம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு பேருக்கு நடுவில் நடந்து போவது எனக்கு எப்போதுமே ஆகாது.

படத்தைக் கொண்டுவந்து காட்டினார். ஒரு பெரிய புத்தகத்தில் இருந்த வெளிநாட்டு ஓவியத்தைக் கலர் ஜெராக்ஸ் எடுத்து, அதைப் பார்த்து மகள் போட்டது. ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்து உருளைக்கிழங்கு தோல் சீவுகிறாள். தலையில் துணி கட்டியிருக்கிறாள். மடியில் கிண்ணம். கண் கிழங்கின் மேல் இல்லை, ஜன்னல் பக்கமும் இல்லை. வேலைக்கு நடுவில் கூப்பிட்ட குரல் கேட்டது போல ஒரு பார்வை. உண்மையான ஆளைப் பார்ப்பது போலவே இருக்கும். யார் போட்டது என்று டீச்சர் ஒரு பேர் சொன்னார். என் வாயில் நுழையவில்லை.

மகள் படம் போட்ட கான்வாஸ் துணியில் முகம் முடிந்திருந்தது. தலைத்துணி, கழுத்து, ஜன்னல் முடிந்திருந்தன. கழுத்துக்குக் கீழே பென்சிலில் போட்ட கட்டங்கள் மட்டும்தான். அந்தப் பெண்ணுக்கு உடம்பு இல்லை.

"ஒரு கண் மட்டும் அரைக் கட்டம் மேல ஏறிடுச்சு. திருத்தலாம்னு சொன்னேன். அடுத்த வாரம்னாங்க" என்றார் டீச்சர். பிறகு, "நீங்களே மிச்சத்தை முடிக்கறீங்களாம்மா? நான் சொல்லித் தர்றேன்" என்றார்.

எனக்கு இல்லை என்று சொல்லத் தெரியாது. பிரஷ்ஷைக் கையில் கொடுத்தார், வாங்கிக்கொண்டேன். பஸ்ஸுக்கும் நேரம் இருந்தது.

அன்று சாயங்காலம் மாப்பிள்ளைக்குப் போன் செய்தேன். அவர் மாற்றல் வாங்கிக்கொண்டு கோயமுத்தூர் போயிருந்தார். குவார்ட்டர்ஸில் இருக்க முடியவில்லை என்றார்.

"அந்தச் சனிக்கிழமை ஊட்டுக்கு வந்து, மூஞ்சி முடிஞ்சிருச்சுன்னு சொன்னாளுங்க அத்தை. அடுத்த சனிக்கிழமை அவ இல்ல."

"டீச்சரு மிச்சத்தை என்னையப் போடச் சொல்றாங்க, மாப்ளே."

"உங்களையா?"

"ஆமாங்க."

அவர் பக்கம் ஏதோ கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"போடுங்க அத்தை. வருச பூசைக்கு வர்றப்ப எடுத்துக்கறேன், எங்கூட்டுல மாட்டணும். ஆனா முகத்தை மட்டும் தொடாதீங்க. அது அவ போட்டதாவே இருக்கட்டும்."

"தொடமாட்டனுங்க."

இப்படித்தான் சனிக்கிழமை தோறும் போக ஆரம்பித்தேன்.

டீச்சர் ஜெராக்ஸ் படத்தின் மேல் கோடு கோடாகக் கட்டம் போட்டு வைத்திருந்தார். துணியிலும் அதே கணக்கில் கட்டங்கள். "கை, கிண்ணம்னு பாக்காதீங்கம்மா. நாலாவது வரி, ஏழாவது கட்டம். அதுக்குள்ள இருட்டு எங்க, வெளிச்சம் எங்க. அதை மட்டும் பாருங்க." சில நாள் இரண்டு படத்தையும் தலைகீழாகத் திருப்பி வைத்துவிடுவார். அப்போது பெண்ணும் தெரியாது, ஜன்னலும் தெரியாது. எனக்கு அது சௌகரியமாக இருந்தது. யாரையும் வரையத் தேவையில்லை. கட்டத்தை நிரப்பினால் போதும்.

நான் படித்தது அஞ்சாம் வகுப்பு, எஸ்டேட் பள்ளிக்கூடத்தில். தமிழ் வாசிப்பேன், எழுதுவேன். கலர் ட்யூபில் இருப்பதெல்லாம் இங்கிலீஷ். டீச்சர் எனக்காக ஒவ்வொன்றுக்கும் ஒரு தமிழ்ப் பேர் வைத்தார். ஒன்று சுட்ட மண். ஒன்று மஞ்சள் மண். ஒன்று கடல் நீலம். வேறு யாருக்கும் இல்லாமல் எனக்கு மட்டும் அப்படிச் சொல்வார். இரண்டு சின்ன எவர்சில்வர் கிண்ணங்களை எதிரில் வைப்பார். "இது எண்ணெய். இது தைலம். ஆயில் பெயின்டிங்குக்கே தமிழ்ல தைல ஓவியம்னுதான் பேரு." முதல் பூச்சுக்குத் தைலம் அதிகம், அதன் மேலே போகப் போக எண்ணெய் அதிகம். அது அவருடைய சட்டம். அலமாரியில் இருந்த ஒரு தகர டப்பாவிலிருந்து அவரே ஊற்றுவார். டப்பாவை நான் கையில் வாங்கிப் பார்த்ததில்லை. கிண்ணத்தில் அது தண்ணீர் மாதிரி இருக்கும்.

முதலில் உருளைக்கிழங்கைப் போட்டேன். தெரிந்த சாமான் என்ற தைரியம். மூன்று கிழங்கு போட்டு முடித்ததும் டீச்சர் பின்னால் வந்து நின்றார்.

"அம்மா, நல்ல கிழங்கு. ஆனா படத்துல இருக்கற கிழங்கு இல்ல."

பக்கத்து ஸ்டூலில் ரிட்டயர்டு போஸ்ட்மேன் ஒருவர் இருந்தார். எட்டு மாதமாக மலை ரயில் பாலம் ஒன்றையே போட்டுக்கொண்டிருந்தவர். எட்டிப் பார்த்தார்.

"அம்மா ஊட்டிக் கிழங்கு போட்டுட்டாங்க டீச்சர், செம்மண்ணோட. வெள்ளக்காரன் கிழங்குக்கு ஏதுங்க மண்ணு? சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி வெச்சிருப்பான்."

எல்லாரும் சிரித்தார்கள். என் முகம் சூடானது. நான் எனக்குத் தெரிந்த கிழங்கைப் போட்டிருந்தேன். கட்டத்தைப் பார்க்கவே இல்லை. கலர் கலக்கும் தகட்டுக் கத்தியால் மூன்றையும் சுரண்டி எடுத்தேன். மறுவாரம் எண்ணி எண்ணிப் போட்டேன்.

கலர் கலப்பது மட்டும் எனக்குச் சீக்கிரம் வந்தது. பேக்டரியில் அரைத்த பச்சை இலை பரப்பிக் கிடக்கும்போது நிறம் மாறிக்கொண்டே போகும். பச்சை போய், மங்கலாகி, புதுச் செம்பு மாதிரி வரும்போது அடுப்புக்கு அனுப்ப வேண்டும். கொஞ்சம் தப்பினால் கறுத்துவிடும். அந்த ஒரு நிறத்துக்கு முன்னால் எத்தனை நிறம், பின்னால் எத்தனை நிறம் என்று கண்ணுக்குத் தெரியும். அந்தப் பெண்ணின் கை விரல் மடிப்பு, கிண்ணத்தின் நிழல், பாவாடையின் மடிப்பு எல்லாம் அதில் எங்கோ ஒன்றாக இருந்தது. சுட்ட மண்ணில் துளி வெள்ளை, துளி நீலம். டீச்சர் ஒன்றும் சொல்லாமல் அடுத்த ஆளிடம் போனால் சரியாக வந்துவிட்டது என்று அர்த்தம்.

கத்தியைப் பிடித்த பெருவிரல் ஒன்றுக்கே ஏழு சனிக்கிழமை ஆயிற்று. சந்தோஷமாக இருந்ததா என்றால் இல்லை. துக்கமாகவும் இல்லை. ஒரு மூன்று மணி நேரம் போய்விடும்.

ஜூலையில் மழை பிடித்தது. ஹாலின் கூரை ஒழுகியதால் வகுப்பை நிறுத்திவிட்டு, அவரவர் படத்தை அவரவர் வீட்டுக்குக் கொண்டு போகச் சொன்னார்கள். போர்வையும் கயிறும் அப்போது உதவின. முன் அறையில் சுவர் ஓரமாக, முகம் சுவரைப் பார்க்கச் சாய்த்து வைத்தேன். பக்கத்து வீட்டுக்காரி வந்து திருப்பிப் பார்த்தாள்.

"அச்சு அசலு உங்களையாட்டவே இருக்குதுங்க்கா! உங்க பாப்பா உங்களை நெனச்சுத்தான் போட்டிருக்குது."

அவள் போனபின் படத்தின் பக்கத்தில் கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். அந்தப் பெண்ணுக்கு நீளமான மூக்கு. எனக்குச் சப்பை மூக்கு. அவளுக்கு மேலுதடு இல்லாத மாதிரி இருக்கும். எனக்குத் தடிப்பு. என்னைப் போல ஒன்றும் இல்லை. மகள் முன்னால் இருந்த படத்தைப் பார்த்து அப்படியே போட்டிருக்கிறாள். அந்த ஏறின கண்ணும் யாரையும் நினைத்து ஏறினது அல்ல. கட்டத்தைத் தப்பாக எண்ணியிருக்கிறாள். சின்ன வயதில் கணக்கிலும் அப்படித்தான்.

ஆகஸ்ட் வரை வெயிலே இல்லை. எங்கள் பக்கத்தில் மழைக்காலத்தில் செருப்பு, பெல்ட், பீரோவில் மடித்து வைத்த சேலை எல்லாவற்றிலும் பூஞ்சணம் பூக்கும். ஒரு நாள் படத்தைத் திருப்பினேன். முகத்தின் மேல் பூத்திருந்தது. நெற்றியிலும் கன்னத்திலும் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். நான் போட்ட கையிலும் கிழங்கிலும் ஒன்றும் இல்லை. சுவரைத் தொட்டுச் சாய்ந்திருந்தது அவள் போட்ட மேல் பாதிதான்.

டீச்சருக்குப் போன் செய்தேன். மழைச் சத்தத்தில் பாதி கேட்டது, பாதி கேட்கவில்லை.

"முகத்துல பூஞ்சணம் பூத்திருக்குதுங்க டீச்சர்."

"பயப்படாதீங்கம்மா. மேலாகத்தான் இருக்கும். பழைய துணியில தைலத்தைத் தொட்டு லேசா ஒத்தி எடுத்துடுங்க. போயிடும்."

"தைலம் போதுங்களா?"

"தைலம் போதும்."

சமையல் மேடை அலமாரியில் தைலம் இருந்தது. நீலகிரியில் எந்த வீட்டில் போய்த் தைலம் கேட்டாலும் ஒரே பாட்டிலைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். சளிக்கு, தலைவலிக்கு, மூட்டுவலிக்கு, கொசுவுக்கு என்று யூகலிப்டஸ் இலையில் காய்ச்சுகிற அந்தத் தைலம்தான். பார்க்கத் தண்ணீர் மாதிரி இருக்கும், டீச்சர் கிண்ணத்தில் ஊற்றியது போலவே. மூக்கு இருந்திருந்தால் மூடியைத் திறந்த உடனே வித்தியாசம் தெரிந்திருக்கும். எனக்கு இரண்டும் தண்ணீர்தான்.

ஒரு பழைய வெள்ளை உள்பாவாடையைக் கிழித்து, தைலத்தைத் தொட்டு ஒத்தினேன். பூஞ்சணம் சுத்தமாகப் போய்விட்டது. மூக்கின் ஓரத்தில் ஒரு புள்ளி மட்டும் நின்றது. இன்னும் கொஞ்சம் தொட்டுத் துடைத்தேன். துணியில் பழுப்பாக வந்தது. தூசி என்று நினைத்தேன். துணியை மடித்து, சுத்தமான பக்கத்தால் மறுபடி துடைத்தேன். தூசி நிறைய இருந்தது. அப்புறம் மூக்கு வாய்ப்பக்கம் இறங்கியது. சரி பண்ணலாம் என்று கன்னத்தை மேலே தள்ளினேன். கண் கரைந்து ஓடியது.

கையை எடுத்தபோது ஒரு காதும் தலைத்துணியும் கழுத்தும்தான் மிச்சம். நடுவில் வெறும் துணியின் இழை தெரிந்தது.

அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. போய் அரிசியைக் களைந்து போட்டேன். சோறு வடித்து, ரசம் வைத்தேன். சாப்பிட்டேன். துணியை எறிய மனம் வராமல் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு மூடினேன். எங்கள் கோவில் சுவரில் சிலுவைப் பாதையின் ஆறாம் நிலையில் ஒரு பெண் ஆண்டவருடைய முகத்தைத் துணியால் துடைப்பாள். துணியில் முகம் அப்படியே பதிந்திருக்கும். இந்தத் துணியில் அப்படி ஒன்றும் இல்லை. சேற்றுக் காலைத் துடைத்தது போல இருந்தது.

தவறு எங்கே என்று எனக்கு அப்போது தெரியாது. டீச்சர் சொன்னதைத்தான் செய்தேன், என் கை அழுத்திவிட்டது என்று நினைத்தேன்.

கூரையைச் சரி செய்து செப்டம்பரில் வகுப்பு ஆரம்பித்தது. போர்வையை அவிழ்க்கும்போதே போஸ்ட்மேன் மூக்கை உறிஞ்சினார்.

"என்னங்கம்மா, படத்துக்குச் சளி புடிச்சிருச்சா?"

இரண்டு பேர் சிரித்தார்கள். போர்வை முழுவதும் விழுந்தது. அவர் வாயை மூடிக்கொண்டார்.

டீச்சர் கிட்டே வந்து, குனிந்து மோந்து பார்த்தார்.

"அம்மா, எந்தத் தைலத்துல துடைச்சீங்க?"

"தைலத்துலதானுங்க. ஊட்டித் தைலம்."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அலமாரியிலிருந்து அந்தத் தகர டப்பாவை எடுத்து வந்து, இதுதான் நான் சொன்னது, இதற்கு இங்கிலீஷில் டர்ப்பன்டைன் என்று பேர், இதில் லேசாக ஒத்தினால் ஒன்றும் ஆகியிருக்காது, அந்தத் தைலம் பெயின்ட்டையே கரைத்துவிடும் என்று சொன்னார்.

"நான்தான்மா தப்பு. டர்ப்பன்டைன்னே சொல்லியிருக்கணும்."

"சொல்லியிருந்தா எனக்குப் புரிஞ்சிருக்காதுங்க."

அவர் அழுதார். நான் அவர் முதுகைத் தடவிக் கொடுத்தேன். போஸ்ட்மேன் வெளியே போய் எனக்கு ஒரு டீ வாங்கி வந்து வைத்தார். அதற்கப்புறம் இரண்டு மாதம் அவர் என்னைக் கேலி செய்யவே இல்லை. அது எனக்குச் சங்கடமாக இருந்தது.

டீச்சர் போனில் ஒரு படம் வைத்திருந்தார். மகளுடைய கடைசிச் சனிக்கிழமை, முகம் முடிந்ததும் எடுத்தது. அதைப் பெரிதாக்கிப் பிரிண்ட் போட்டுக் கொண்டுவந்தார். புத்தகத்தின் ஜெராக்ஸும் பக்கத்தில் இருந்தது.

"முகத்தை நீங்கதான் போடணும்மா. எதைப் பாத்துப் போடறீங்க?"

"இதை" என்று மகள் போட்டதைக் காட்டினேன்.

"இதுல கண் ஏறியிருக்கே."

"இருக்கட்டுங்க."

அவர் மகளுடைய முகத்தின் மேல் கட்டம் போட்டுத் தந்தார். நான் என்ன செய்யப் போகிறேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். மாப்பிள்ளை வந்து பார்க்கும்போது அது அவள் போட்டதாகவே இருக்க வேண்டும். தொடமாட்டேன் என்று சொல்லியிருந்தேன். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

இரண்டு முறை போட்டுச் சுரண்டினேன். முதல் முறை கிழங்கு மாதிரி ஆனது. இரண்டாம் முறை கண் தானாகவே சரியான இடத்துக்குப் போய் நின்றுகொண்டது. சரியாக இருந்த கண்ணைச் சுரண்டிவிட்டு, அரைக் கட்டம் அளந்து, மேலே வைத்தேன். தப்பை அதே மாதிரி செய்வது எவ்வளவு வேலை என்று அப்போது தெரிந்தது. அவளுக்கு அது தெரியாமல் வந்தது. எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. மகளுடைய முகத்தை நினைத்துப் பார்க்கவும் முயன்றேன். வரவில்லை. இரண்டாவது வரி, ஐந்தாவது கட்டம்தான் வந்தது.

டிசம்பர் கடைசியில் முடிந்தது. "மேல் பூச்சுக்கு எண்ணெய் ஜாஸ்தி, இந்தக் குளிர்ல காய நாளாகும், ஜாக்கிரதை" என்றார் டீச்சர். கழுத்தில் அவளுடைய பெயின்ட் முடிந்து என்னுடையது ஆரம்பிக்கும் இடத்தில் ஒரு கோடு இருந்தது. அதையும் காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து மறைத்தேன்.

ஜனவரியில் வருஷ பூசை. மாப்பிள்ளை முதல் நாளே வந்தார். இளைத்திருந்தார். கோயமுத்தூரிலிருந்து ஸ்வீட் வாங்கி வந்திருந்தார். முன் அறையில் நாற்காலி மேல் படத்தை வைத்திருந்தேன். செருப்பைக் கழற்றியவர் அப்படியே நின்றார்.

"அத்தை, கையெல்லாம் நீங்களா போட்டீங்க?"

"ஆமாங்க மாப்ளே. கையி, கிண்ணம், துணியெல்லாம்."

"நம்பவே முடியலீங்க. அந்தக் கத்தியப் புடிச்சிருக்கற பெருவெரலப் பாருங்களேன்." கிட்டே போனார். "அந்தக் கண்ணு பாத்தீங்களா? போட்டோவ எனக்கு அனுப்பிச்சிருந்தா. ஏண்டி, இவளுக்கு மாறுகண்ணான்னு கேட்டேன். ரெண்டு நாளு பேசலீங்க அத்தை எங்கூட. ரெண்டு நாளு!"

சிரித்தார். சிரித்துக்கொண்டே அந்தக் கண்ணுக்குக் கீழே, கன்னத்தில், விரலை வைத்தார். எனக்குச் சொல்ல நேரமில்லை. விரல் வழுக்கிக் கீழே வந்தது.

விரலைத் திருப்பிப் பார்த்தார். ஈரமான பழுப்பு. ஒரு வருஷத்துக்கு முன்னால் போட்டது ஈரமாக இருக்காது என்று அவருக்குத் தெரிய எவ்வளவு நேரம் ஆகும். நான் சமையல் மேடைப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இது காயலீங்களே."

"முகம் நான் போட்டதுங்க மாப்ளே."

"அவ போட்டது?"

"நாந்தான் தொடச்சுப் போட்டேன். பூஞ்சணம் புடிச்சிருந்துது. டீச்சரு தைலம்னாங்க. நான் நம்ம தைலத்துல தொடச்சுப்புட்டேன்."

பிஸ்கட் டின்னை எடுத்து வந்து திறந்து நீட்டினேன். அதைத் தவிர காட்ட வேறொன்றும் இல்லை. துணியை எடுத்தார். மோந்து பார்த்தார்.

"அவளுக்கு இந்த வாசமே ஆகாது."

"ஆகாது. சளின்னு தடவப் போனா ஊட்டச் சுத்தி ஓடுவா."

நானும் துணியை வாங்கி மூக்கில் வைத்தேன். ஒன்றும் இல்லை. திருப்பிக் கொடுத்தேன்.

அவர் ரொம்ப நேரம் நாற்காலிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தார். நான் டீ போட்டுக் கொண்டுவந்தேன். டம்ளரை வாங்காமல் கேட்டார்.

"அப்ப கண்ணு? உங்களுக்கும் ஏறிப் போச்சா?"

"இல்லீங்க. அவ வெச்ச எடம் அது. அளந்துதான் வெச்சேன்."

"எவ்வளவு?"

"அரைக் கட்டம்."

தலையை ஆட்டினார். டீயை வாங்கிக் குடித்தார். சர்க்கரை போதுமா என்று கேட்டேன். போதும் என்றார். அவர் கோபப்படுவார் என்று ஐந்து மாதமாக ஒரு பக்கம் நினைத்துக்கொண்டே இருந்திருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. அவர் கோபப்படவில்லை. அதற்காக எனக்கு நிம்மதியாகவும் இல்லை. டம்ளரைக் கழுவி வைத்தேன்.

மறுநாள் பூசை முடிந்து, கல்லறைக்குப் போய் வந்து, அவர் பஸ்ஸுக்குக் கிளம்பினார். துணியை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். என்னிடம் கேட்கவில்லை. படத்தை எடுக்கவில்லை.

"காஞ்சதும் சொல்லுங்க அத்தை, வந்து எடுத்துக்கறேன்."

"கன்னத்துல உங்க வெரலு இழுத்துட்டு வந்திருக்குதுங்க. சனிக்கிழமை டீச்சருகிட்டக் கொண்டுபோயிச் சரி பண்ணி வெச்சிர்றேன்."

"வேண்டாங்க. இனிமே முகத்தைத் தொடாதீங்க."

போன மார்ச்சில் போனில் சொன்ன அதே வார்த்தை. அப்போது அது அவள் போட்ட முகம். சரி என்றேன்.

படம் முன் அறையில்தான் இருக்கிறது. இப்போது சுவரைப் பார்த்து வைப்பதில்லை. பக்கத்து வீட்டுக்காரி, கன்னத்தில் என்ன கோடு, அழுத தடமா என்று கேட்டாள். மாப்பிள்ளை விரல் என்றேன். தினமும் காலையில் காதுக்குப் பக்கத்தில், யாரும் பார்க்காத இடத்தில், சுண்டு விரலால் தொட்டுப் பார்க்கிறேன். முகத்தைத் தொடவில்லை, காதைத்தான். அது அவள் போட்ட காது, எப்போதோ காய்ந்தது. அதை ஒட்டிக் கன்னம் ஆரம்பிக்கிற இடத்தில் இன்னும் ஒட்டுகிறது. மழைக்காலம் வருவதற்குள் காய்ந்துவிடும் என்று டீச்சர் சொல்கிறார்.